ஊற்றுக்கண்ணில் பிளாஸ்டிக்

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்று நம்மவர்கள் வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு. சென்னையைச் சுற்றியுள்ள கிணறுகளிலிருந்து இப்பொழுது மெய்யாகவே ஒரு பூதம் புறப்பட்டிருக்கிறது. ஆனால் இது கண்ணுக்குத் தெரியாத பூதம். தாகத்துக்கு அருந்துகிறவனுடைய நாவிலும் தட்டுப்படாத பூதம். பிளாஸ்டிக் பைகளும், நைலான் கயிறுகளும், செயற்கை நூல் துணிகளும் நைந்து நொறுங்கிப் பொடியாகி, மண்ணுக்குள் இறங்கி, ஊற்று நீரோடு கலந்து வருகின்றன என்பதே நாம் சொல்ல வந்த விஷயம். கடல் மீன் வயிற்றில் பிளாஸ்டிக் இருப்பதாகக் கேட்டு உச்சுக்கொட்டிய நாம், நம் வீட்டுக் கிணற்றைப் பற்றி இதுகாறும் ஒரு வார்த்தை கேளாதிருந்தது ஆச்சரியமே.

2021ஆம் வருஷத்தில் அண்ணா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், பெருங்குடி, கொடுங்கையூர் ஆகிய இரண்டு குப்பைமேடுகளைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார்கள். லிட்டர் ஒன்றுக்குக் குறைந்த பக்ஷம் 2 துகள், அதிக பக்ஷம் 80 துகள் என்று அவர்கள் கண்டார்கள். அகப்பட்டவற்றில் பெரும்பங்கு நைலான். அதற்கு முந்திய வருஷத்தில் செங்குன்றம் ஏரியைப் பற்றி வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், ஏரி நீரில் லிட்டருக்குச் சராசரி 5.9 துகளும், அடிவண்டலில் கிலோவுக்கு 27 துகளும் காணப்பட்டன. செங்குன்றம் ஏரி நகரத்தின் குடிநீர்த் தேக்கம் என்பதை வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

குப்பைமேட்டுப் பக்கத்துக் கிணற்றில் குப்பை வந்தால் என்ன அதிசயம், மேற்கே குடியிருக்கும் நமக்கு அதனால் என்ன என்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசிகள் எண்ணக்கூடும். அவர்கள் ஒரு நாள் மாலை அயனம்பாக்கம் ஏரிக்கரை மீது நடந்து வருவது நலம். ஒரு காலத்தில் வயலுக்குப் பாய்ந்த ஏரி இது. வயல்கள் வீட்டுமனைகளான பிறகு, சுற்றிலும் உள்ள ஆழ்துளைக் கிணறுகளுக்கு ஊற்றாக இருப்பதுதான் ஏரிக்கு மிஞ்சிய பெரிய உத்தியோகம். ஏரி நிரம்பினால் தெருக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறும். ஏரி வற்றினால் மோட்டார் காற்றை இழுக்கும். இதை அறிய அங்கே விஞ்ஞானி வேண்டியதில்லை. அந்த ஊர் இல்லத்தரசிகள் எல்லோரும் அறிவார்கள்.

அப்படிப்பட்ட ஏரிக்குள் சுற்றுப்புறக் குடியிருப்புகளின் கழிவுநீர் கலக்கிறது என்ற புகார் பல வருஷங்களாக இருந்து வருகிறது. தெற்கே கூவம். கிழக்கே இரவும் பகலும் லாரிகள் ஓடும் புறவழிச்சாலை. அருகே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. கரையோரத்தில் நம் ஜனங்களே கொண்டுவந்து கொட்டும் குப்பை வேறு. இந்த நான்கும் சேருமிடத்தில் பிளாஸ்டிக் பொடி எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் விஸ்தாரமாகப் பார்ப்போம். ஏனெனில் நோய் போகும் வழியை அறியாமல் மருந்து கேட்பதில் பயனில்லை.

வெயிலில் கிடக்கும் பாலிதீன் பை சில மாதங்களில் வெளுத்து, முறுகி, தொட்டால் உதிர்கிறது. உதிர்ந்தது அழிந்துபோயிற்று என்று நாம் நினைக்கிறோம். அது அழியவில்லை, சிறுத்தது, அவ்வளவே. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த துண்டுகளைத்தான் விஞ்ஞானிகள் நுண்துகள் என்கிறார்கள். தலைமயிரின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். அதிலும் பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என்று இத்துகள்கள் குறைந்துகொண்டே போகின்றன. மண்ணுக்குள் ஒரு தடவை புகுந்துவிட்டால் அங்கே வெயிலும் இல்லை, போதிய காற்றும் இல்லை. ஆகவே மேலும் சிதைவதற்கும் வழி இல்லாமல் நெடுங்காலம் அப்படியே கிடக்கின்றன. வாகனங்களின் ரப்பர்ச் சக்கரம் சாலையில் தேய்ந்து விழும் கருந்தூளும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. அப்புறம் துணி. 2016இல் இங்கிலாந்தின் பிளிமத் சர்வகலாசாலையார், செயற்கை நூல் துணி ஆறு கிலோவை இயந்திரத்தில் ஒரு தடவை துவைத்தால் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட இழைகள் கழன்று நீரோடு போகக்கூடும் என்று கணக்கிட்டார்கள். அயனம்பாக்கம் ஏரிக்குள் கழிவுநீர் போகிறது என்றால் துவைத்த நீரும் அதில்தான் போகிறது.

இனி இவை எவ்வாறு கீழே இறங்குகின்றன? நிலம் வடிகட்டும் என்பது நம் முன்னோர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை வீணானதன்று. வண்டல் நீரைத் தெளிய வைப்பதும், கிருமிகளில் பெரும்பாலானவற்றைத் தடுப்பதும் மணல்தான். பிளாஸ்டிக் துகளிலும் பெரியவை மணற்பரல்களின் இடுக்கில் சிக்கி நின்றுவிடுகின்றன. சிறியவற்றின் கதை வேறு. மணற்பரலும் துகளும் பெரும்பாலும் ஒரே தன்மையுள்ள மின்னேற்றம் கொண்டவையாதலால் ஒன்றையொன்று ஒட்டாமல் தள்ளுகின்றன. தள்ளவே, துகள் நீரோடு நழுவிப்போகிறது. இரும்புத்துரு படிந்த செம்மண்ணில் அது ஒட்டிக்கொள்ளும். உப்பு நீரிலும் ஒட்டும். ஆனால் உப்பு நீரில் ஒட்டிய துகளின் மேல் நல்ல மழைநீர் புதிதாகப் பாய்ந்தால், ஒட்டியது மறுபடியும் விடுபட்டு இறங்கத் தொடங்கும். கோடையில் கழிவுநீரும் ஐப்பசியில் மழைநீரும் மாறி மாறி நிற்கும் ஏரிக்கு இதைக் காட்டிலும் பொருத்தமான விளக்கம் வேண்டுமா?

நனைவதும் காய்வதுமே பெரிய காரணம் என்று நாம் எண்ணுகிறோம். 2019இல் வெளியான ஒரு பரீக்ஷையில், மணல் நிரப்பிய குழாய்களில் பிளாஸ்டிக் துகளை மேலே இட்டு நனைத்தும் உலர்த்தியும் பார்த்தார்கள். நனைத்து உலர்த்தும் தடவை கூடக் கூட, துகள் அதிக ஆழம் சென்றது. துகள் சிறிதாக இருந்தால் பின்னும் ஆழம் சென்றது. வருஷம் முழுவதும் தூறல் விழும் தேசங்களைவிட, மூன்று மாதம் கொட்டித் தீர்த்து ஒன்பது மாதம் காயும் நமது தேசத்து மண்ணில் இந்தக் காரியம் எவ்வளவு நன்றாக நடக்கும்! ஏரியின் களிமண் படுகை சித்திரையில் பாளம் பாளமாக வெடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதல் மழையில் மேலே கிடந்த தூசியும் தும்பும் அந்த வெடிப்பு வழியே நேரே கீழே போகிறது. அங்கே மணலின் சல்லடையும் கிடையாது, களியின் தடையும் கிடையாது. மண்புழுவும் தன் வளை வழியே துகளைக் கீழே கொண்டுபோகிறது. உழவனின் நண்பன் என்று நாம் புகழ்ந்த பிராணி தெரியாமல் செய்யும் உபகாரம் இது. செத்த வேர் மக்கிய துவாரமும் ஒரு வழி.

மனிதன் தோண்டிய வழிகள் இவற்றிலும் மோசமானவை. ஆழ்துளைக் கிணற்றில் குழாய்க்கும் மண்சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மேல்மட்டத்தில் களிமண்ணாலோ சிமெண்டாலோ அடைக்க வேண்டும். ஒழுங்காக அடைத்த கிணறு பத்தில் எத்தனை என்று கிணறு தோண்டும் மேஸ்திரிகளையே கேட்கலாம். நீர் வற்றிக் கைவிட்ட கிணறுகள் வாய் திறந்து கிடக்கின்றன. அன்றியும், மேற்படி கிணறுகளில் இறக்கும் குழாயே பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. மாடியிலிருக்கும் தொட்டியும் பிளாஸ்டிக். ஆகவே சமையலறைக் குழாயில் வரும் துகளெல்லாம் ஏரியிலிருந்துதான் வந்தது என்று நாம் சாதிக்க வரவில்லை. சோதனை செய்தால்தான் எது எங்கிருந்து வந்தது என்பது தெரியவரும்.

2003ஆம் வருஷத்தில் நமது ராஜ்யத்தில் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அது நல்ல காரியம். அதைக் குறை கூறுகிறவர்கள் 2019ஆம் வருஷத்துக் கோடையை மறந்தவர்களாகவே இருக்க வேண்டும். ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலை 12ஆம் தேதி முதல் ஜோலார்பேட்டையிலிருந்து ரெயிலில் தண்ணீர் கொண்டுவந்து இந்நகரத்தின் தாகத்தைத் தணிக்க வேண்டியிருந்தது. ஆனால் கூரை நீரை மணலும் கூழாங்கல்லும் இட்ட தொட்டி வழியாக இறக்குவது ஒன்று. தெருவில் ஓடும் நீரை, சக்கரத்தூளும் கிழிந்த பைகளும் சேர்ந்தபடியே, ஆழமான உறிஞ்சு கிணற்றுக்குள் விடுவது வேறொன்று. பின்னது நீரைச் சேமிப்பதாகாது, அழுக்கைச் சேமிப்பதாகும். வடிகட்டியின் மணலை வருஷத்துக்கு ஒரு தடவையேனும் எடுத்து மாற்றும் வீடுகள் எத்தனை? நம் வீட்டிலேயே மாற்றியதில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறோம்.

இது நமது நகரத்துக்கு மட்டும் வந்த கஷ்டமன்று. அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளிலும் கிணறுகளிலும் எடுத்த 17 மாதிரிகளில் 16இல் நுண்துகள் இருந்ததாக 2019இல் வெளியாயிற்று. அதிகமானது லிட்டருக்கு 15.2. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ஆற்று வண்டல் நிலத்துக் கிணறுகளில் லிட்டருக்குச் சராசரி 38 என்று 2022இல் கண்டார்கள். ஜெர்மனியில் ஒரு பிரதேசத்தில் 2019இல் வெளியான சோதனையிலோ, ஆயிரம் லிட்டருக்கு ஒன்றுகூடச் சராசரி தேறவில்லை. இந்த எண்களை ஒன்றோடொன்று வைத்து யார் பெரியவர் என்று பார்ப்பது சரியன்று. ஒருவர் 20 மைக்ரான் வரை எண்ணுவார், மற்றவர் நூறோடு நிறுத்துவார்; சல்லடைக் கண் வேறானால் எண்ணிக்கையும் வேறாகும். ஆயினும் ஜெர்மனியின் கணக்கு நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. நிலத்தின் மேலே காபந்து செய்தால் நிலத்தின் கீழே சுத்தமாக இருக்க இன்னமும் இடமிருக்கிறது. பூமி முழுவதும் கெட்டுவிட்டது, இனி என்ன செய்வது என்று கையை விரிப்பவர்களுக்கு இதுவே பதில்.

தேகத்துக்கு இதனால் விளையும் கெடுதி என்ன? இங்கே நாம் பயமுறுத்த விரும்பவில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் வெளியிட்ட அறிக்கையில், குடிநீரிலுள்ள நுண்துகளால் தீங்கு உண்டென்று தீர்மானிக்கப் போதுமான சான்று இல்லையென்றும், ஆராய்ச்சி அதிகமாக நடக்க வேண்டுமென்றும் சொல்லிற்று. பிறகு 2024இல் இத்தாலிய வைத்தியர்கள் வெளியிட்ட ஒரு விஷயம் உலகத்தைத் திடுக்கிட வைத்தது. கழுத்து இரத்தக்குழாயின் அடைப்பை அறுத்தெடுத்து, பின்னர் அவர்கள் தொடர்ந்து கவனித்துவந்த 257 நோயாளிகளில், அடைப்பில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் அபாயம் ஏனையோரைவிட நாலரை மடங்கு இருந்ததாம். பிளாஸ்டிக்தான் காரணம் என்று இதனால் ருசுவாகிவிடவில்லை என்பதை அந்த வைத்தியர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இதற்கிடையில் தூத்துக்குடிப் பக்கத்து நிலத்தடி நீரை ஆராய்ந்தவர்கள், துகள்கள் தம்மீது உலோக நஞ்சுகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளாகவும் இருக்கின்றன என்று காட்டியிருக்கிறார்கள். தொழிற்பேட்டையின் நிழலில் வசிக்கிற ஊர் எதுவும் இந்த வாக்கியத்தை அசட்டையாகப் படித்துவிட்டுப் போக முடியாது.

பணமுள்ளவர்கள் கேன் தண்ணீர் வாங்கித் தப்பித்துக்கொள்ளலாம் என்பது ஒரு மயக்கம். 2018இல் இந்தியா உள்ளிட்ட ஒன்பது தேசங்களில் வாங்கிய 259 புட்டிகளை நியூயார்க் ராஜ்ய சர்வகலாசாலையார் சோதித்தபோது, நூற்றுக்கு 93இல் பிளாஸ்டிக் இருந்தது. 2024இல் கொலம்பியா சர்வகலாசாலையார் இன்னும் நுண்ணிய கருவி கொண்டு எண்ணியபோது, லிட்டருக்குச் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் என்று தெரிந்தது. கிணற்று நீருக்குப் பயந்து புட்டி நீருக்கு ஓடுவது, எண்ணெய்ச் சட்டியிலிருந்து அடுப்பில் குதிப்பதாகும். வாங்கச் சக்தியற்றவனுக்கோ அந்த மயக்கமும் இல்லை. அவன் வீட்டு மோட்டாரில் வருவதைத்தான் அவன் குழந்தைகள் குடிக்கின்றன.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. 2019 ஜனவரி 1ஆம் தேதி முதல், ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்களில் பலவற்றை நமது ராஜ்ய சர்க்கார் தடுத்தனர். 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்ற இயக்கத்தைத் துவக்கினர். மத்திய சர்க்காரும் 2022 ஜூலை முதல் தேசம் முழுவதும் ஒரு தடை விதித்தனர். நாமும் மஞ்சப்பையை வரவேற்றவர்களே. ஆனால் அயனம்பாக்கம் கடைத்தெருவில் பூ விற்கும் கிழவியின் பையைப் பறிமுதல் செய்யும் அதிகாரியின் சுறுசுறுப்பு, பையை உற்பத்தி செய்கிற இடத்தின் வாசலில் ஏன் காணப்படவில்லை? மெல்லிய பையைத் தடுத்துக் கனத்த பையை அனுமதிப்பதாக விதிகளை 50 மைக்ரானிலிருந்து 75க்கும், 2022 முடிவில் 120க்கும் உயர்த்தினார்கள். கனத்த பை பொறுக்குவோர் கைக்கு அகப்படும், அதனால் பொடியாகாது என்பது அவர்கள் வாதம். பொறுக்கினால் சரி. பொறுக்காமல் ஏரியில் கிடந்தால், கனத்த பையிலிருந்து கனமான பொடி வரும். பிளாஸ்டிக் தொழிலைக் கற்பிக்க 1968இல் கிண்டியிலேயே ஒரு மத்திய ஸ்தாபனம் நிறுவினோம். பிளாஸ்டிக் பொடியை எண்ணக் கற்பிக்க ஒரு மேஜையேனும் எந்தக் காரியாலயத்தில் போட்டிருக்கிறோம் என்பதே நமது கேள்வி.

ஏனெனில் எண்ணாதது ஒருபோதும் கணக்கில் வராது. குடிநீர் எப்படியிருக்க வேண்டும் என்று வகுத்த 2012ஆம் வருஷத்து இந்திய தர நிர்ணயத்தில், புளோரைடுக்கு அளவு உண்டு, நைட்ரேட்டுக்கு உண்டு, ஈயத்துக்கு உண்டு. பிளாஸ்டிக் துகளுக்கு இல்லை. 2024இல் திருத்திய பிளாஸ்டிக் விதிகளில் 1 மைக்ரான் முதல் 1,000 மைக்ரான் வரையுள்ள துகளே நுண்துகள் என்று இலக்கணம் மட்டும் எழுதினார்கள். இலக்கணம் எழுதியவர்கள் அளவுகோலைக் கையில் எடுக்க வேண்டாமா? அமெரிக்காவின் கலிபோர்னியா ராஜ்யம் குடிநீரில் இத்துகளைச் சோதிக்கும் திட்டத்தை 2022இல் அங்கீகரித்தது. ஐரோப்பியக் கூட்டுறவு நாடுகள் 2024இல் அளக்கும் முறையை ஒரே மாதிரியாக வகுத்தன. உலகமனைத்துக்கும் ஓர் உடன்படிக்கை செய்வதாகக் கூடிய மகாநாடுகள் 2024இல் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜினீவாவிலும் முடிவு காணாமல் கலைந்தன. அவர்கள் கலைந்ததற்காக அம்பத்தூர் காத்திருக்க வேண்டுமென்பதில்லை.

நாம் கேட்பது பிரமாதமான காரியமொன்றுமன்று. அயனம்பாக்கம் ஏரியின் நீரையும், அடிவண்டலையும், கரையிலிருந்து அடுத்தடுத்துப் போகும் தெருக்களில் பத்துப் பதினைந்து ஆழ்துளைக் கிணறுகளின் நீரையும் சோதிக்க வேண்டும். எத்தனை மைக்ரான் வரை எண்ணினார்கள் என்பதையும் சேர்த்து, முடிவைத் தமிழில் அச்சிட்டு வார்டு காரியாலயத்தின் சுவரில் ஒட்ட வேண்டும். எண்ணும் திறமை அண்ணா சர்வகலாசாலையிலேயே இருக்கிறது. வெளிதேசத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டியதில்லை. ஏரிக்குள் கழிவுநீர் விழும் வாய்க்கால்களை அடைத்துப் பாதாளச் சாக்கடையோடு இணைப்பது சென்னைக் குடிநீர் வாரியத்தின் கடமை. அதற்கு ஆராய்ச்சி முடிவு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தெரு நீரை நேரே உள்ளே விடும் உறிஞ்சு கிணறுகளுக்கு மணல் வடிகட்டி அமைத்து, அதை மாற்றும் நாளையும் பலகையில் எழுதிவைக்கக் கார்ப்பரேஷனை வற்புறுத்த வேண்டும்.

குப்பைமேடுகளைத் தோண்டிச் சலித்து நிலத்தை மீட்கும் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் அந்த வேலை நடந்துவருவது சந்தோஷமே. ஆனால் சலித்தெடுத்த நுண்மண்ணில், சல்லடைக்குத் தப்பிய பிளாஸ்டிக் தூளும் சேர்ந்துதானே இருக்கும்? அந்த மண் எந்தப் பள்ளத்தை நிரப்பப் போகிறது, யாருடைய கிணற்றுக்கு மேலே கொட்டப்படுகிறது என்பதை லாரிக்கு லாரி கணக்கு வைத்துப் பகிரங்கப்படுத்த வேண்டும். ஒரு ஊர்க் குப்பையைச் சுத்தம் செய்து மற்றோர் ஊர் ஊற்றில் இறக்குவதற்கு நாம் சம்மதிக்க முடியாது.

நிலத்தடி நீர் மெதுவாக ஊர்ந்து செல்வது. ஆறு ஒரு நாளில் கடக்கும் தூரத்தை அது கடக்கப் பல வருஷங்கள் செல்லும். ஆற்றில் அழுக்குப் போனால் அடுத்த வெள்ளம் அடித்துச் செல்லும். ஊற்றில் போன அழுக்கை அடித்துச் செல்ல வெள்ளம் கிடையாது. ஆதலால் இந்தச் சோதனை இன்னும் ஒரு பட்ஜெட்டுக்குத் தள்ளிவைக்கக்கூடியதன்று. ஏரி வற்றிப் படுகை வெடித்திருக்கும் ஆனியில் ஒரு தடவையும், மழை நின்று ஏரி நிறைந்திருக்கும் தை மாதத்தில் ஒரு தடவையும் மாதிரி எடுக்க வேண்டும். அப்பொழுதுதான் மழை எவ்வளவை உள்ளே இறக்குகிறது என்பது தெரியும். அம்பத்தூர், திருவேற்காடு, ஆவடிப் பிரதேசங்களிலுள்ள பொதுஜன ஊழியர்கள் தத்தம் கவுன்சிலரையும் சட்டசபை அங்கத்தினரையும் இந்த வாரத்திலேயே கண்டு, ஆனியில் நடக்க வேண்டிய முதல் சோதனைக்கு எந்தத் தேதியில் மாதிரி எடுப்பார்கள் என்று எழுத்து மூலமாகப் பதில் வாங்க வேண்டும். வரும் பதில்களை இப்பத்தியில் பிரசுரிக்க நாம் சித்தமாயிருக்கிறோம்.